கட்டைவிரல் எட்டும் போன்

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அழகான பெயர் ஒன்று உண்டு. வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் கொசுதான். சின்ன உருவம், ஓயாத வாய், காதருகில் வந்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம். இவ்வளவும் இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவன் அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்கும் ஒரு பட்டம் இருந்தது. அவன் புரொபசர். படிப்பது ஒன்பதாம் வகுப்புதான். ஆனால் போனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், உட்காரவைத்து வகுப்பெடுத்துவிடுவான். சொந்தமாக அவனிடம் ஒரு போனும் கிடையாது என்பது வேறு விஷயம்.

அப்பா லாரி ஓட்டுபவர். அந்த வாரம் அவர் சரக்கேற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

அம்மாவுக்குப் பார்சல் ஆபீசில் வேலை. காலையில் தள்ளுவண்டி நிறையப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், சாயங்காலத்துக்குள் அத்தனையையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்த தெருக்களுக்கு ‘லைன்’ என்று பெயர். அந்த லைனில் அம்மாவைத் தெரியாத நாய்கூட இல்லை.

பார்சலைக் கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்த கையோடு போனில் அதைப் படம் பிடித்து, வேலை ஆப்பில் மேலே இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதுதான் பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆபீஸ் ஒப்புக்கொள்ளும். ஆகவே போன் இல்லையென்றால் வேலையும் இல்லை.

அந்த ஆப் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் பழைய போனில் பல்லை இளித்துவிட்டது. ‘இந்தப் போன் மிகவும் பழையது. இனி இதில் ஆப் இயங்காது’ என்று ஒரு வரி வந்து நின்றது. அம்மா போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். முதுகில் தட்டிப் பார்த்தாள். கடைசியில் கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அது மசியவில்லை.

சூப்பர்வைசர் அக்கா நல்லவர்தான். ஆனாலும் திங்கட்கிழமை கையில் ஒழுங்கான போன் இல்லாவிட்டால், லைனை இன்னொருவருக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அம்மா வரும் வழியிலேயே போன் கடைக்குள் நுழைந்து விசாரித்துவிட்டு வந்தாள்.

கடையில் கிளியரன்ஸ் சேல் நடந்துகொண்டிருந்தது. பழைய சரக்கைக் காலி செய்வதற்காக விலையைக் குறைத்து விற்பார்களே, அதுதான். ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதில் ஒரு சின்ன போன் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு வந்த மாடல், ஆனால் யாரும் பயன்படுத்தாதது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. அதே கடையில் புத்தம் புதிய மாடல் பெரிய போனும் இருந்தது. அம்மா சேர்த்து வைத்திருந்த பணம் பெரியதற்குச் சரியாக இருக்கும். சின்னதற்கு அதில் பாதியே போதும்.

சமையலறை மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். புரொபசர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அது யாரும் வாங்காம மூலையில கெடந்த போன்மா. அதான் பாதி விலைக்குத் தள்ளிவிடறாங்க” என்று ஆரம்பித்தான். சின்ன போனில் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றான். பழைய மாடலுக்குக் கம்பெனிக்காரர்கள் ரொம்ப நாள் அப்டேட் தரமாட்டார்கள் என்றான். கொசு அப்டேட் என்றால் என்னவென்று கேட்டாள். போனுக்குள் இருக்கும் மூளையை அவ்வப்போது கம்பெனி புதுப்பித்து அனுப்பும், அதை நாம் நெட் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டும், அதுதான் அப்டேட் என்று அதற்கும் ஒரு வகுப்பு நடந்தது.

அண்ணன் எதைச் சொன்னாலும் எதிர்க்கட்சியில் போய் உட்காருவது கொசுவின் வழக்கம். அன்று மட்டும் அவள் அவன் கட்சி. அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்குப் படம் வரையப் பைத்தியம். சாயங்காலத்தில் அம்மா போனைக் கொடுத்தால், வரையச் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்து வரைவாள். பழைய போனின் திரையில் யானையின் தும்பிக்கை எது, வால் எது என்றே தெரியாது. பெரிய திரை வந்தால் யானையின் நகத்தைக்கூட எண்ணலாம்.

“பெருசும்மா, பெருசு” என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒன்று கேட்பதும் அபூர்வம்.

“சரி, பெருசே வாங்கிடலாம். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் போவோம்” என்றாள்.

அன்று அண்ணனும் தங்கையும் சண்டை போடாமல் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை வேலைக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டுத் தையல் அத்தை கைகொடுத்தார். அவரும் போன வாரம்தான் புது போன் வாங்கியிருந்தார். கடையில் இருந்த பெரிய போன் எந்த அளவோ அதே அளவு. ஒருநாள் வைத்துக்கொள் என்று அதையே தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

“இது போனா, இல்ல சாப்பாட்டுத் தட்டா?” என்றாள் அம்மா.

கொசு அந்தப் போனை விட்டுப் பிரிய மனமில்லாமல், தானும் லைனுக்கு வருவேன் என்று அம்மாவின் பின்னாலேயே சுற்றினாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். அம்மாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். பார்சலைக் கொசு தொடக் கூடாது. வேலையாள் தவிர வேறு யாரும் பார்சலில் கைவைக்கக் கூடாது என்பது ஆபீஸ் கட்டளை. தள்ளுவண்டியைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு தெருக்களிலும் தனித்தனி வீடுகள். வண்டியை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தலாம். ஒரு பார்சலை எடுப்பது, மணி அடிப்பது, கொடுப்பது, இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படம் எடுப்பது என்று அம்மாவுக்கு வேலை சுகமாகவே நடந்தது. ஒவ்வொரு படத்தையும் எட்டிப் பார்த்த கொசு, பார்சலின் மேலிருந்த எறும்புகூடத் தெரிகிறது என்று பூரித்துப்போனாள்.

அதற்கடுத்து வந்தது லிப்ட் இல்லாத அடுக்குமாடிக் கட்டடம்.

அங்கே அம்மாவுக்கு ஒரு தனி முறை இருந்தது. ஒவ்வொரு பார்சலுக்கும் ஏறி இறங்கினால் கால் போய்விடும். அதனால் மொத்த மாடிகளுக்கும் உள்ள பார்சல்களை இடது கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வாள். பெரியது அடியில், சின்னது மேலே. முடிந்தவரை கீழ்மாடிக்குப் போகிறதை மேலே வைப்பாள். அடுக்கு சரிந்துவிடாமல் உச்சியில் தாடையை வைத்து அமுக்கிக்கொள்வாள். வலது கை சும்மா இருக்கும். மணி அடிக்கவும் போனை எடுக்கவும் அந்தக் கை. ஒரே ஏற்றத்தில் கட்டடம் முடிந்துவிடும்.

அம்மா அப்படி அடுக்கிக்கொண்டு படியேறிப் போனாள். கொசு கீழே வண்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு ‘தொப்’. அதன்பின் ஏதோ ஒன்று படிப்படியாக உருண்டு, திருப்பத்தில் முட்டி, கொசுவின் காலடியில் வந்து படுத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மெத்தென்று இருந்தது. தலையணை. நல்லவேளை, கண்ணாடிச் சாமான் இல்லை.

தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், கொசு அதையும் பக்கத்தில் நின்று காவல் காத்தாள். அம்மா மூச்சு வாங்க இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை கொசுவும் முதல் திருப்பம் வரை ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் கீழே வண்டியும் தெரிந்தது, மேலே அம்மாவும் தெரிந்தாள்.

அம்மா ஒரு கதவின் முன்னால் நின்றிருந்தாள். இடது கையில் பார்சல் அடுக்கு, வலது கையில் பெரிய போன். படம் எடுத்தாகிவிட்டது. இனிப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அது திரையின் மேல் மூலையில் இருந்தது. அம்மாவின் கட்டைவிரல், உயரப் பலகையில் இருக்கும் டப்பாவை எடுக்கப் பார்க்கிற குள்ளமான ஆள் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. போனைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பிடித்தாள். போன் வழுக்கியது. அதைப் பிடிக்கத் தாடையை எடுத்தாள். அடுக்கு சரிந்தது. மறுபடியும் ‘தொப்’.

பிறகு அம்மா அந்த முயற்சியையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு கதவிலும் குனிந்து எல்லாப் பார்சலையும் தரையில் வைத்தாள். இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் குனிந்து எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கினாள். அடுத்த கதவிலும் அதேதான். நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த லைனில் அப்படிப்பட்ட கட்டடங்கள் ஒரு தெரு முழுக்க இருந்தன. கடைசித் தெருவுக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கொடுக்காத பார்சல்கள் வண்டியோடு ஆபீசுக்குத் திரும்பி வந்தன. அம்மாவின் வண்டி காலியாகாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் அக்கா திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார். இப்படியே போனால் லைனில் பாதியை வேறு ஆளுக்குப் பிரித்துத் தர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா வலது கட்டைவிரலை நீவி விட்டுக்கொண்டே வந்தாள். கொசு அந்த விரலையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

“அம்மா, பெரிய போன் வேணாம்மா” என்றாள் கடைசியில்.

“ஏன்டி?”

“உனக்குக் கை எட்டல.”

“பழகினா எட்டும். எல்லாம் பழக்கந்தான்.” அம்மா சிரித்தாள். “உனக்கு யானை வரைய வேணாமா? நீங்க ரெண்டு பேரும் என்னைக்காவது இது வேணும்னு கேட்டிருக்கீங்களா? வீட்டுக்குன்னு ஒரு நல்ல போன் இருக்கட்டும்.”

கொசுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா தன் கைக்காகப் போன் வாங்கவில்லை, தங்கள் கண்ணுக்காக வாங்குகிறாள். மேசையருகே நின்றுகொண்டு பெருசு பெருசு என்று கத்தியதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இனி வாயால் எவ்வளவு சொன்னாலும் அம்மா கேட்கப்போவதில்லை என்பதும் தெரிந்தது. பழகிவிடும் என்று சொல்லியே எல்லாவற்றையும் சமாளிக்கிற அம்மா அவள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடைக்குப் போனார்கள். கடை அக்கா நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தார். பெரிய போனை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து, தள்ளிப் பார்த்து, தடவிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். புரொபசர் பக்கத்தில் நின்று அதன் பெருமைகளைக் கடை அக்காவுக்கே எடுத்துச் சொன்னான். கடை அக்கா கொட்டாவியை மறைத்துக்கொண்டார்.

கொசு சுற்றிலும் பார்த்தாள். போன் வாங்க வந்த எல்லோரும் அம்மாவைப் போலவே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாம் எப்படியோ போகட்டும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தா பார்சல் கொடுக்கிறாள்?

“அக்கா, உங்க கிட்ட காலி அட்டைப்பெட்டி இருக்கா?” என்று கேட்டாள்.

“எத்தனை வேணும்?”

“எவ்வளவு இருக்கோ அவ்வளவும்.”

கடை அக்காவுக்கு வேடிக்கையாக இருந்தது. உள்ளே போய் ஒரு கூடை நிறையக் காலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். கொசு அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னாள். அம்மாவின் இடது கையை மடக்கிவைத்து, பெரியது அடியில், சின்னது மேலே என்று அடுக்கினாள். உச்சிப் பெட்டி அம்மாவின் தாடைக்கு வந்து சேர்ந்தது.

“கொசு, மானத்தை வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க” என்று புரொபசர் பல்லைக் கடித்தான்.

“பாக்கட்டும்.” கொசு பெரிய போனை அம்மாவின் வலது கையில் வைத்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினாள். “அம்மா, இதுதான் மூணாவது மாடி. படம் எடுத்துட்டு மேல் மூலையைத் தொடு. பெட்டியைக் கீழ வைக்கக் கூடாது.”

அம்மா கூச்சத்தோடு சிரித்தாள். போனைத் தூக்கினாள். படம் எடுத்தாள். கட்டைவிரலை நீட்டினாள். எட்டவில்லை. போனை மேலே நகர்த்தினாள். அதற்குமேல் நடந்ததைக் கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பெட்டிகள் நாலா பக்கமும் சிதறி ஓடின. ஒன்று புரொபசரின் தலையில் விழுந்துவிட்டுப் போனது. போன் விழவில்லை, கடை அக்கா பாய்ந்து பிடித்துவிட்டார்.

கொசு பொறுமையாகப் பெட்டிகளைப் பொறுக்கி மறுபடியும் அடுக்கினாள். இந்தத் தடவை மூலையில் கிடந்த சின்ன போனின் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, அதை வாங்கி அம்மாவின் வலது கையில் வைத்தாள்.

அம்மாவின் விரல்கள் அதை முழுதாகச் சுற்றி வளைத்துக்கொண்டன. படம் எடுத்தாள். கட்டைவிரல் நேராகப் போய் மேல் மூலையைத் தொட்டது. கீழ் மூலையையும் தொட்டது. தாடை இருந்த இடத்தில் இருந்தது. ஒரு பெட்டிகூட அசையவில்லை.

கடையில் யாரோ கை தட்டினார்கள். அம்மா யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை செய்து பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை. அவள் முகத்தில் வெள்ளிக்கிழமையிலிருந்து இல்லாத ஒரு தெம்பு வந்தது.

“எனக்கு இது போதும் போல இருக்கே” என்றாள் மெதுவாக.

புரொபசர் தலையைத் தடவிக்கொண்டே, ஆப் ஓட வேண்டாமா என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான். கடை அக்கா சின்ன போனை நெட்டில் இணைத்து, வேலை ஆப்பைத் தேடி எடுத்துத் திறந்தார். நாலு தலைகளும் திரையின்மேல் கவிந்தன.

‘இந்தப் போன் மிகவும் பழையது. இனி இதில் ஆப் இயங்காது.’

அதே வரி. அம்மாவின் முகம் தொங்கிப்போனது. கடை அக்காவும் வருத்தப்பட்டார். கிளியரன்ஸில் வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று நேர்மையாகவே சொன்னார். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுப் பெரிய போனின் பக்கம் கையை நீட்டினாள்.

கொசுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கண்ணில் வருவதற்கு முன்னால் வாயில் ஒரு கேள்வி வந்துவிட்டது. கொசு அப்படித்தான்.

“அண்ணா, இந்தப் போன் இத்தனை வருஷமா எங்க இருந்துச்சு?”

“பெட்டிக்குள்ள.”

“பெட்டிக்குள்ள இருந்தப்ப இதுக்கு அப்டேட் எல்லாம் யாரு போட்டிருப்பா?”

பதில் புரொபசருக்குத் தெரிந்திருந்தது. அதை அவன் சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரிய போன் அவன் கைக்கு எட்டும் தூரத்தில், மேசைமேல் பளபளவென்று கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அம்மா கட்டைவிரலை நீவிக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

“யாரும் போட்டிருக்க மாட்டாங்க” என்றான். “கம்பெனி அனுப்பினதெல்லாம் அப்படியே பாக்கி நிக்கும். அதை எல்லாம் இறக்கிட்டு அப்புறம் ஆப்பைத் திறந்து பார்க்கணும். கொடுங்கக்கா, நான் செய்யறேன்.”

விலைச்சீட்டுப் போடுவதற்கு முன்னாலேயே அப்டேட் போட்டுப் பார்க்கக் கடை அக்கா சம்மதித்தார். சார்ஜரும் கொடுத்தார். புரொபசர் போனைச் சொருகி, எதை எதையோ அமுக்கினான். திரையில் ஒரு கோடு தோன்றி நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. முதல் அப்டேட் முடிந்து போன் அணைந்து மறுபடியும் உயிர்பெற்றது. பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று.

மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். கொசு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தப் போனுக்கு இன்னும் எத்தனை நாள் அப்டேட் வரும் என்றும் கேட்டாள். புரொபசர் கடை அக்காவின் கணினியில் தேடிப் பார்த்து, இன்னும் இரண்டு வருடம் வரும், அதற்கப்புறம் நிறுத்திவிடுவார்கள் என்றான். பொய் சொல்லவும் இல்லை, கூட்டிக் குறைக்கவும் இல்லை.

“ரெண்டு வருஷம் போதும். அதுக்குள்ள நானே சூப்பர்வைசர் ஆயிடுவேன்” என்றாள் அம்மா.

கடைசிக் கோடும் முடிந்தது. புரொபசர் ஆப்பைத் தொட்டான். திரை வெள்ளையாகி அப்படியே நின்றது. கொசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல அம்மாவின் பெயர் வந்தது. அதன் கீழே அம்மாவின் தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேல் மூலையில் பச்சைப் பொத்தான்.

அம்மா கொசுவின் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கடை அக்காவிடம், “பில்லைப் போடுங்க” என்றாள். மிச்சமான பணத்தில் புது மழைக்கோட்டு வாங்க வேண்டும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து கொசு ஜன்னலை விட்டு நகரவில்லை. புரொபசர் தான் காத்திருக்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காகப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். ஒரே பக்கத்தை வெகு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

அம்மா வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அவள் நடையைப் பார்த்ததுமே கொசுவுக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. இடுப்பில் கை இல்லை.

வண்டி சுத்தமாகக் காலி என்றாள் அம்மா. லிப்ட் இல்லாத கட்டடத்தில் தாடைவரைக்கும் பார்சல், ஒன்றைக்கூடத் தரையில் வைக்கவில்லை. லைனைப் பிரிக்கிற பேச்சே இனி இல்லை என்று சூப்பர்வைசர் அக்கா சொல்லிவிட்டார். கொசு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“ஒண்ணு மட்டும்தான்” என்றாள் அம்மா. “கடைசித் தெருவுல சார்ஜ் தீர்ந்துபோச்சு. ஒரு வீட்டுல கெஞ்சிக் கேட்டு, அவங்க வாசல்ல சார்ஜ் போட்டு, மிச்சத்தை முடிச்சேன்.”

கொசு பயத்தோடு அண்ணனைப் பார்த்தாள். சார்ஜ் பற்றி அவன் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தான். இப்போது ஒரு முழு வகுப்பு நடக்கப்போகிறது என்று நினைத்தாள். புரொபசர் எழுந்தான். ஆனால் நேராக உள்ளே போனான். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு பவர் பேங்க் இருந்தது. பள்ளி வினாடி வினாவில் அவனுக்குப் பரிசாகக் கிடைத்தது. என்றைக்காவது தனக்கென்று ஒரு போன் வரும், அதற்காக என்று துணியில் சுற்றி வைத்திருந்தான். கொசுவை அதைத் தொடக்கூட விட்டதில்லை.

அதை அவன் அம்மாவின் வேலைப் பையின் பக்க உறைக்குள் சொருகினான். வயர் வெளியே தொங்காமல் சுருட்டி வைத்தான்.

“எதுக்குடா, உனக்குன்னு வச்சிருந்ததாச்சே” என்றாள் அம்மா.

“எனக்குத்தான் போனே இல்லையே” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா சின்ன போனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. சொல்லு, இதை வாங்கினது சரியா, தப்பா?”

புரொபசர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். தொண்டையைச் செருமினான். கொசு நீண்ட வகுப்புக்குத் தயாராகி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா கைக்குச் சரியா இருக்கு” என்றான்.

அவன் எடுத்த வகுப்புகளிலேயே மிகச் சின்னது அதுதான். கொசு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.